முகம் தெரியாத ஒருவருக்குப் போஸ்ட்கார்டு: பினாங்கிலிருந்து போஸ்ட்கிராசிங் தொடங்குபவர்களுக்கு

இணையத்தில் விசித்திரமான விஷயங்களைத் தேடித் தேடிப் படிப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அப்படி ஒரு ராத்திரி படித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் ஓய்டின் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் நிற்கும் ஓர் ஓக் மரத்துக்குச் சொந்தமாகத் தபால் முகவரி இருக்கிறது என்று தெரிந்தது. மாப்பிள்ளை மரம் என்று தமிழில் சொல்லலாம், ஜெர்மன் பெயரின் அர்த்தமும் ஏறக்குறைய அதுதான். 1927-ஆம் ஆண்டிலேயே அதற்கு முறையான முகவரி கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குத் துணை தேடுகிறவர்கள் அந்த மரத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள், போஸ்ட்மேன் கொண்டுபோய் ஏணியில் ஏறி, ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கிற பொந்தில் போடுகிறார், போகிற வருகிற யார் வேண்டுமானாலும் ஏறி எடுத்துப் படித்துப் பிடித்திருந்தால் பதில் போடலாம்.

அதைப் படித்ததும் எனக்கும் யாருக்காவது எழுத வேண்டும் போல ஆகிவிட்டது. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் போய் நின்ற இடம் போஸ்ட்கிராசிங். நீங்கள் உலகத்தில் யாரோ ஒருவருக்கு ஒரு போஸ்ட்கார்டு அனுப்புகிறீர்கள், அது போய்ச் சேர்ந்ததும் வேறு யாரோ ஒருவர் உங்களுக்கு ஒன்று அனுப்புகிறார். நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவரிடமிருந்தே திரும்பி வராது, அதுதான் இதில் சுவாரஸ்யம். எந்த நாட்டிலிருந்து வரும் என்று தபால் பெட்டியைத் திறக்கும்வரை தெரியாது. 2005-இல் போர்ச்சுகலில் ஒரு மாணவர் தொடங்கியது, இதுவரை ஏழு கோடி அட்டைகளுக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? நான் அனுப்பிய முதல் ஐந்து அட்டையில் இரண்டுதான் போய்ச் சேர்ந்தன. மூன்று என்ன ஆயின என்று இன்றுவரை தெரியாது. என்னென்ன தப்புச் செய்தேன் என்று பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கத்துப் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றித் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் முழுக்க எழுதி வைக்கிறேன்.

1. முதலில் செலவும் ஆவணமும்

ஆவணம் எதுவும் வேண்டாம். ஐசி (அடையாள அட்டை) எண் கேட்க மாட்டார்கள், எங்கேயும் கொடுக்கவும் வேண்டாம். ஒரு மின்னஞ்சல் முகவரி, தபால் ஒழுங்காக வந்து சேருகிற ஒரு வீட்டு முகவரி, இவ்வளவுதான். கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை.

செலவு மூன்று இடத்தில் வரும்: அட்டை, ஸ்டாம்பு, நல்ல பேனா. பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் கடைகளில் நான் வாங்கிய அட்டைகள் 1 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3 வெள்ளிவரை இருந்தன. வெளிநாட்டு ஸ்டாம்புக்கான கட்டணம் அவ்வப்போது மாறுவதால் யாரோ எப்போதோ எழுதி வைத்த தொகையை நம்பி வாங்காதீர்கள், தபால் நிலையக் கவுண்டரிலேயே கேளுங்கள். முதல் ஐந்து அட்டைக்கு எல்லாம் சேர்த்து 25 ரிங்கிட் ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்கினால் நெருக்கடி இருக்காது. மாதம் எவ்வளவு செலவாகும் என்பது முழுக்க உங்கள் கையில்தான். மாதத்துக்கு ஓர் அட்டை அனுப்பினாலும் போதும், யாரும் கேட்கப் போவதில்லை.

2. கணக்குத் திறப்பது, பெயரை எழுதுவது

போஸ்ட்கிராசிங் டாட் காம் என்ற தளத்துக்குப் போய் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு ஓர் உறுதிப்படுத்தும் செய்தி வரும், வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். இதுவரை பத்து நிமிட வேலை.

முகவரியில்தான் நிதானம் வேண்டும். நம் ஐசியில் பெயருக்கு நடுவே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இருக்கிறதே, அதை அப்படியே போட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. எனக்கு ஆரம்பத்தில் வந்த அட்டை ஒன்றில் அப்பா பெயர் மட்டும் இருந்தது, என் பெயரே இல்லை. இன்னொருவர் ஏ/பி என்பதை வீட்டு எண்ணோடு சேர்த்து எழுதியிருந்தார், நல்லவேளை எங்கள் போஸ்ட்மேன் அண்ணன் யாருக்கு என்று புரிந்து கொண்டுவந்து கொடுத்தார். அதனால் உங்கள் பெயரையும் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் போடுங்கள். தபால் வருவதற்கு அது போதும்.

வீட்டு எண், ஜாலான் (சாலை) அல்லது லோரோங் (சந்து), தாமான் (குடியிருப்புப் பகுதி), ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, ஊர், மாநிலம் என்று நம் வழக்கப்படியே வரிசையாக எழுதுங்கள். ஜாலான் என்பதை ஸ்ட்ரீட் என்று மொழிபெயர்க்க வேண்டாம், அதைப் படித்துக் கொண்டுவந்து போடப் போவது நம்மூர் போஸ்ட்மேன்தான். அடுக்குமாடி வீடாக இருந்தால் புளோக், மாடி, வீட்டு எண் மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். அனுப்புகிறவர் கையால் எழுதும்போது ஒரு வரி விடுபட்டாலும் அட்டை கீழே பொதுப் பெட்டியிலேயே கிடந்துவிடும்.

வாடகை வீட்டில் இருந்து சீக்கிரம் மாறப் போகிறீர்கள் என்றால் அப்பா அம்மா வீட்டு முகவரியைக் கொடுங்கள். அட்டைகள் மாதக்கணக்கில் தாமதித்தும் வரும், நீங்கள் வீடு மாறிய பிறகும் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருக்கும். அலுவலக முகவரி கொடுப்பதானால் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எப்படியும் உங்கள் முகவரி எல்லோர் கண்ணிலும் படாது, உங்களுக்கு அனுப்பும்படி அமைகிற ஆளுக்கு மட்டும்தான் காட்டப்படும். அதே மரியாதையை நாமும் மற்றவர் முகவரிக்குக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

3. உங்களைப் பற்றி நாலு வரி

எல்லோருக்கும் ஒரு சுயவிவரப் பக்கம் உண்டு. அனுப்புகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் அட்டையைத் தேர்ந்தெடுப்பார். எனக்கு எல்லாம் பிடிக்கும் என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. பழைய ரயில்கள், மீன் சந்தை, உங்கள் பாட்டி சமைத்தது என்று குறிப்பாக எழுதுங்கள், அதற்கேற்ப வரும். நான் உங்கள் ஊரில் மழை பெய்தால் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒரு கேள்வி போட்டு வைத்திருக்கிறேன், அதற்கு வந்திருக்கிற பதில்களைத் தனியாக ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது வேண்டும், அது வேண்டாம் என்று பட்டியல் நீண்டால் படிக்கிறவருக்குச் சங்கடமாக இருக்கும். பொதுமொழி ஆங்கிலம்தான், பெரிய இலக்கணம் ஒன்றும் வேண்டாம். தமிழ் தெரியும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தமிழில் என் பெயரை எழுதித் தருவீர்களா என்று கேட்டு எனக்கே நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள்.

4. அட்டை வாங்குவது

ஜார்ஜ் டவுனில் இதற்குப் பஞ்சமே இல்லை. லெபோ ஆர்மேனியன் (ஆர்மேனியன் தெரு) பக்கம் சுவரோவியம் பார்க்க வருகிற கூட்டத்துக்காகவே கடை கடையாக வைத்திருக்கிறார்கள், 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் படம் எல்லாக் கடையிலும் இருக்கும். அது அழகுதான், ஆனால் கொஞ்சம் நடந்து தேடினால் கடைவீடுகள், பினாங்கு மலை ரயில், தண்ணீர்மலைத் தைப்பூசம், குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் கோபுரம் என்று நாம் நாலு வரி சொந்தமாக எழுதக்கூடிய படங்களும் கிடைக்கும். படத்தைப் பற்றி நமக்கு ஏதாவது சொல்ல இருந்தால்தான் பின்பக்கம் நிறையும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குப் பத்துமலை அட்டை இருக்கவே இருக்கிறது. 2018-இல் வர்ணம் பூசிய 272 படிகளும் 42.7 மீட்டர் முருகனும் உள்ள படம் போனால் வாங்கியவரிடமிருந்து பதில் செய்தி கட்டாயம் நீளமாக வரும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று அளவு, 10-க்கு 15 சென்டிமீட்டர் என்பதுதான் வழக்கமான அளவு, அதைவிடப் பெரிதானால் போஸ்ட்கார்டுக் கட்டணத்தில் போகாமல் கடிதக் கட்டணம் கேட்கலாம். இரண்டாவது பின்பக்கம். அதுவும் பளபளவென்று இருந்தால் பேனா மை காயவே காயாது, நம் ஊர் ஈரக்காற்றில் மறுநாளும் விரலில் ஒட்டும். மெல்லிய தாளில் அச்சடித்ததும் வேண்டாம், வழியிலேயே மடங்கிவிடும்.

5. ஸ்டாம்பை முதலில் வாங்குங்கள், முகவரியைப் பிறகு கேளுங்கள்

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். முகவரி கேட்ட அன்றே நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும் என்பது தெரியாமல், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஐந்து முகவரியையும் வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் தீபாவளி, வீட்டில் விருந்தாளிகள், அப்புறம் பலகார வேலை. ஒன்பது நாள் கழித்துத்தான் அட்டையைப் போட முடிந்தது, அதுவும் அவசரத்தில் வீட்டு அலமாரியில் கிடந்த ஸ்டாம்பை ஒட்டி. அது தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அனுப்ப வாங்கி மிச்சமான உள்நாட்டு ஸ்டாம்பு. வெளிநாட்டுக்கு அந்தத் தொகை போதாது. கட்டணம் குறைந்தால் அட்டையைத் திருப்பி அனுப்பலாம், இல்லை வாங்குகிறவரிடம் மிச்சத்தைக் கேட்கலாம். போஸ்ட்கார்டில் அனுப்பியவர் முகவரி எழுதுவது இல்லை என்பதால் திருப்பி அனுப்பவும் வழியில்லை, போனது போனதுதான். என் மூன்று அட்டை காணாமல் போனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆகவே முதலில் தபால் நிலையத்துக்குப் போங்கள். வெளிநாட்டுக்குப் போஸ்ட்கார்டு, ஏர் மெயில், ஒன்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கடிதமா என்று திருப்பிக் கேட்டால் அட்டையையே எடுத்துக் காட்டுங்கள், இரண்டுக்கும் கட்டணம் வேறு. நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டா என்றும் கேட்டு, போனில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து அட்டைக்கானதை ஒரேயடியாக வாங்கி வைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்க வேண்டாம். நீல நிற ஏர் மெயில் ஸ்டிக்கரும் கேளுங்கள், இல்லை என்றால் கையாலேயே எழுதலாம்.

படம் போட்ட பெரிய நினைவு ஸ்டாம்புகளைப் பார்த்ததும் ஆசையாக இருக்கும். பூ, பறவை, பழம் என்று நம் ஸ்டாம்புகள் உண்மையிலேயே அழகு, வெளிநாட்டில் சேகரிக்கிறவர்கள் மிகவும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் சின்னத் தொகை ஸ்டாம்பாக நாலைந்து வாங்கி ஒட்டினால் எழுத இடம் இருக்காது. வாங்கும் முன் அட்டையின் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பினாங்குத் தீவில் லெபோ டௌனிங்கில் இருக்கிற பெரிய தபால் நிலையத்துக்கு நான் போவேன். ஃபெர்ரியில் இறங்கினால் நடக்கிற தூரம், அப்படியே லிட்டில் இந்தியாவில் ஒரு தேநீரும் குடித்துவிட்டு அட்டையும் வாங்கிவிட்டு வந்துவிடலாம். உங்கள் தாமான் பக்கத்துச் சின்னத் தபால் நிலையமும் போதும்.

6. முகவரி கேட்பது

இப்போது அட்டையும் ஸ்டாம்பும் மேசைமேல் இருக்கிறது. சரி, தளத்தில் அனுப்புவதற்கான பொத்தானை அழுத்துங்கள். ஒருவருடைய பெயர், முகவரி, சுயவிவரம், அதோடு ஓர் அடையாள எண் வரும். புதியவர்கள் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைகள்வரை அனுப்பலாம், அவை போய்ச் சேரச் சேர இந்த எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக உயரும். ஐந்தையும் ஒரே நாளில் கேட்க வேண்டும் என்பதில்லை. முதலில் இரண்டு கேளுங்கள், எழுதிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

ஜெர்மனி, அமெரிக்கா, சீனா போன்ற நாடுகளில் உறுப்பினர்கள் அதிகம் என்பதால் அந்த முகவரிகளே திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்றும் தப்பில்லை. அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் சொந்த நாட்டுக்குள் அனுப்ப விருப்பமா, போன நாட்டுக்கே மறுபடி அனுப்ப விருப்பமா என்ற கேள்விகள் இருக்கும், உங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

7. எழுதுவது (இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம்)

இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அடையாள எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கான எம், ஒய் என்ற இரண்டு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, பிறகு எண். அட்டை யார் அனுப்பியது, யாருக்குப் போனது என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. வாங்கியவர் அதைத் தளத்தில் பதிந்தால்தான் உங்கள் கணக்கில் சேர்ந்ததாக ஆகும், அப்போதுதான் உங்கள் முகவரி வேறொருவருக்குப் போகும். எண் இல்லாத அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு எதுவும் திரும்பி வராது.

எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒன்று எழுத்துப் பகுதியின் மேல்மூலையில், இன்னொன்று நடுவில். ஸ்டாம்புக்குப் பக்கத்தில் எழுதினால் முத்திரை அதன்மேல் விழும். கீழ் ஓரத்தில் எழுதினாலும் ஆபத்துதான், சில நாடுகளில் தபால் பிரிக்கும் இயந்திரம் கீழ்ப்பகுதியில் கோடு கோடாக அச்சடித்துவிடும், சில சமயம் ஒரு ஸ்டிக்கரே வந்து உட்கார்ந்துவிடும். அட்டையின் அடியில் ஒரு விரல் அகலம் காலியாக விட்டுவிடுங்கள். ஒன்றும் ஏழும் குழப்பாதபடி எழுதுங்கள். நான் எண்ணை மட்டும் வேறு நிறப் பேனாவில் எழுதுகிறேன்.

முகவரி வலப்பக்கம், தளத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, வரிசை மாற்றாமல். ஜெர்மனியில் வீட்டு எண் தெருப் பெயருக்குப் பின்னால் வரும், அஞ்சல் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். தப்பாக இருக்கிறதே என்று நாமே திருத்தக் கூடாது. கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள், நம் தபால்காரர்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். சீன முகவரி சீன எழுத்தில் இருந்தால் பார்த்து வரைய முயற்சி செய்ய வேண்டாம். தாளில் அச்செடுத்து வெட்டி, நாலு ஓரமும் நன்றாகப் படியும்படி ஒட்டுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தால் இயந்திரத்தில் மாட்டிக் கிழியும்.

பேனா விஷயம். ஜெல் பேனா வேண்டாம், மழைத்துளி பட்டாலே கரையும். சாதாரண பால்பாயிண்ட் போதும், பளபளப்பான அட்டையாக இருந்தால் அழியாத மெல்லிய மார்க்கர் பேனா.

அப்புறம் என்ன எழுதுவது என்று கேட்கிறீர்களா? சௌக்கியமா என்று ஆரம்பித்து வானிலையோடு முடிக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அன்றைக்கு உங்கள் கண்ணில் பட்ட ஒன்றை எழுதுங்கள். தைப்பூசத்தன்று ரதம் போகிற பாதையில் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதை எழுதி நான் ஒரு அட்டை அனுப்பினேன், உடைத்த தேங்காயெல்லாம் எங்கே போகும் என்று கேட்டு அதை வாங்கிய அம்மா பின்லாந்திலிருந்து செய்தி அனுப்பினார். காலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசை, ஃபெர்ரியில் காற்று, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி நம் வீட்டு முறுக்குக்குப் பதிலாகக் கொடுத்தனுப்பும் ஆரஞ்சுப் பழம், இதெல்லாம் நமக்குப் பழகிப்போனது, அவர்களுக்கு முழுக்கப் புதிது. வாங்குகிறவர் பெயரைத் தமிழில் எழுதிக் கீழே இது உங்கள் பெயர் என்று ஆங்கிலத்தில் குறித்துவிடுங்கள். இதுவரை அதற்கு நன்றி சொல்லாதவர் ஒருவரும் இல்லை.

உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டாம், அவராகக் கேட்டிருந்தால் ஒழிய. முத்திரை குத்தி, ஓரம் கசங்கி, ஊர் சுற்றி வந்த அட்டையைத்தான் பலர் விரும்புகிறார்கள். தேயிலைப் பை, சின்னச் சாமான் என்று எதையும் சேர்க்காதீர்கள். காகிதம் தவிர வேறு பொருள் சேர்ந்தால் அது பொருள் அஞ்சலாகிச் சுங்கப் படிவம் நிரப்ப வேண்டிவரும், வெறும் போஸ்ட்கார்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

8. பெட்டியில் போடும் முன்

அட்டையின் இரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கப் படத்தைத் தளத்தில் ஏற்றலாம். பின்பக்கப் படம் உங்களுக்கு மட்டும், எண் சரியாக எழுதினோமா என்று பிறகு பார்க்க உதவும். அதை ஃபேஸ்புக்கிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள், அதில் இன்னொருவர் வீட்டு முகவரி இருக்கிறது.

சாலையோரச் சிவப்புப் பெட்டியில் எடுக்கும் நேரம் எழுதியிருக்கும், பாருங்கள். எழுத்து மங்கி வாய் துருப்பிடித்த பெட்டியாக இருந்தால் அங்கே போடவே போடாதீர்கள். வசதி இருந்தால் கவுண்டரில் கொடுத்துக் கையால் முத்திரை குத்தித் தரமுடியுமா என்று கேளுங்கள், தெளிவாக விழும்.

9. காத்திருப்பது

எனக்கு ஜெர்மனிக்கு இரண்டு மூன்று வாரம் ஆகிறது, சில நாடுகளுக்கு ஒன்றரை மாதமும் ஆகியிருக்கிறது. 60 நாள் கடந்தும் பதிவாகவில்லை என்றால் தளத்தில் அது காலாவதியானதாகக் காட்டும். பயப்பட வேண்டாம். அந்த இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது, வேறொரு முகவரி கேட்கலாம். அட்டை பிறகு போய்ச் சேர்ந்தாலும் ஒரு வருடம்வரை பதிய முடியும். எனக்கு 112-ஆம் நாளில் ஒன்று பதிவானது, அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

முதல் அட்டை உங்களுக்கு வருவதற்கு இரண்டு பயணத்தின் நேரம் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள். உங்களுடையது போய்ச் சேர வேண்டும், அதற்கப்புறம் வேறொருவர் எழுதிப் போட்டு அது இங்கே வர வேண்டும். ஆகவே ஒன்றரை மாதத்துக்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்து மனசு சோர வேண்டாம். பலர் இந்த இடைவெளியில்தான் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதாக இருந்தால் இதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பள்ளி விடுமுறை தொடங்கும்போது அனுப்பி விடுமுறை முடிவதற்குள் வரும் என்று சொன்னால் ஏமாந்துபோவார்கள்.

இந்த நேரத்தில் உங்கள் வீட்டுத் தபால் பெட்டியைச் சரிபார்த்துவிடுங்கள். மழை அடித்தால் எங்கள் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும், எனக்கு வந்த முதல் அட்டையின் பாதி எழுத்து அதில்தான் கரைந்தது. மேலே ஒரு தகடு வைத்து, உள்ளே தட்டு போட்டு உயர்த்திவிட்டோம், 8 வெள்ளிச் செலவு.

10. வந்ததும் அன்றே பதியுங்கள்

அனுப்பியவரும் உங்களைப் போலவே நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறார். அட்டையில் உள்ள எண்ணைத் தளத்தில் பதிந்து, கூடவே இரண்டு வரி எழுதுங்கள். நன்றி என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், அவர் எழுதியதில் எது பிடித்தது என்று சொல்லுங்கள்.

எண் படிக்க முடியவில்லையா? முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பேனா அழுத்திய தடம் தெரியும். அப்படியும் முடியாவிட்டால் தளத்தில் அதற்கென்றே ஓர் உதவிப் படிவம் இருக்கிறது. எந்த நாட்டு ஸ்டாம்பு, முத்திரையில் என்ன தேதி, அனுப்பியவர் பெயர், தெரிகிற இலக்கங்கள் என்று கிடைத்ததையெல்லாம் எழுதினால் தேடிக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு தடவை அப்படிக் கிடைத்தது.

யாராவது செய்தியில் வந்து தனியாகப் பரிமாறிக்கொள்வோமா என்று கேட்டால் விருப்பம் இருந்தால் செய்யுங்கள், கட்டாயம் இல்லை. பணமோ வேறு தனிப்பட்ட விவரமோ கேட்டால் பதிலே வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது கணக்கை விடுமுறையில் வைத்துவிடுங்கள், புதிய அட்டைகள் உங்கள் முகவரிக்கு வராமல் நிறுத்தி வைப்பார்கள். சென்னைக்கோ மதுரைக்கோ போய் அங்கிருந்தே அனுப்ப ஆசைப்பட்டால் பயண முறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தபின் அதைத் திறந்து முகவரி கேட்டால் அந்த நாட்டுக் குறியீட்டோடு எண் வரும். மலேசிய எண் உள்ள அட்டையை இந்தியாவிலிருந்து போட்டால் வாங்குகிறவர் ஸ்டாம்பைப் பார்த்துக் குழம்புவார்.

11. பழகியபின் தேடிப் போக வேண்டிய சில பெட்டிகள்

கொஞ்ச நாளில் உங்களுக்கும் விசித்திரமான தபால் நிலையங்கள்மேல் ஆசை வந்துவிடும். வனுவாட்டு நாட்டில் கடலுக்கடியில் ஒரு தபால் நிலையம் 2003 முதல் இருக்கிறது, தண்ணீரில் நனையாத அட்டையோடு முங்கிப்போய்ப் போட வேண்டும். பின்லாந்தில் ரொவானியெமி என்ற ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தபால் நிலையத்தில் ஒரு தனிப் பெட்டி உண்டு, வருடத்தில் எந்த மாதம் போட்டாலும் அடுத்த கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் அனுப்புவார்கள். அண்டார்டிகாவில் போர்ட் லாக்ராய் என்ற இடத்தில் பென்குவின் கூட்டத்துக்கு நடுவே ஒன்று, அங்கே கோடைக்காலத்தில் மட்டும்தான் ஆள் இருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது காலாபகோஸ் தீவுகளில் ஃபுளோரியானாவில் உள்ள பீப்பாய். அங்கே ஸ்டாம்பே கிடையாது. வருகிறவர்கள் தங்கள் அட்டையைப் போட்டுவிட்டு, ஏற்கெனவே கிடப்பதில் தங்கள் ஊர்ப் பக்கத்து முகவரி இருந்தால் எடுத்துப்போய் நேரில் கொடுக்க வேண்டும். கப்பல்காரர்கள் காலத்து வழக்கம், இருநூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. தெரிந்தவர் யாராவது அங்கே போகிறார் என்றால் உங்கள் அட்டையை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

அக்டோபர் 1-ஆம் தேதியையும் குறித்து வையுங்கள். 1869-இல் அதே தேதியில்தான் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் போஸ்ட்கார்டு வெளியானது, அதனால் அன்று உலகப் போஸ்ட்கார்டு தினம். அதை ஒட்டி நிறையப் பேர் அனுப்புவார்கள், ஆகவே அட்டையும் ஸ்டாம்பும் செப்டம்பரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஓய்டின் மரத்துக்கு எழுத விரும்புகிறவர்களுக்கு: மரத்தின் ஜெர்மன் பெயரைத் தேடி எடுத்து முதல் வரியில் எழுதி, அடுத்து டோடாவ் காட்டின் பெயர், பிறகு 23701 ஓய்டின், கடைசியில் ஜெர்மனி என்று போடுங்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். பொந்தில் கிடப்பதை யாரும் எடுத்துப் படிக்கலாம் என்பதால் உள்ளே வீட்டு முகவரியை எழுதாமல், இதற்கென்று புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து அதைக் கொடுங்கள். நான் துணை தேடி எழுதவில்லை, எங்கள் தாமான் முனையில் நிற்கிற ஆலமரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டு, போன மாதம் 14-ஆம் தேதி அனுப்பியிருக்கிறேன்.